அப்பா சரியா... தாத்தா சரியா?

1866. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். ஆலைப் புகை சூழ்ந்த ஊரில் ஒற்றைச் சக்கர நீராவி வண்டியில் ஒரு சிறுவன் பறக்கிறான். குறுக்கே வரும் எல்லாவற்றையும் நொறுக்கியபடி ராட்சத எந்திரம் ஒன்று அவனைத் துரத்துகிறது. பார்க்கும் நமக்கே மூச்சு வாங்குகிறது!

'ஸ்டீம்பாய்'. 2004-ல் வெளிவந்த ஜப்பானிய அனிமேஷன் படம். 'அகிரா' எடுத்த கட்சுஹிரோ ஒட்டோமோதான் இயக்குநர். பெட்ரோலும் மின்சாரமும் அல்லாமல் நீராவியே உலகை ஆண்டிருந்தால்? இப்படிக் கற்பனை செய்யும் கதைகளை 'ஸ்டீம்பங்க்' என்கிறார்கள். அந்த உலகத்தைக் கட்டியெழுப்ப ஒட்டோமோவுக்குப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வரைந்த படங்கள் மட்டும் 1,80,000-க்கும் மேல்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. குழாய், வால்வு, பல்சக்கரம், நடுங்கும் முள் என ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. நீராவியைப் பாருங்கள்... ஓரிடத்தில் பஞ்சு மாதிரி மிதக்கிறது, இன்னோரிடத்தில் கத்தி மாதிரி சீறுகிறது. போனில் பார்த்தால் பாதி அழகு போய்விடும். டி.வி-யில் போடுங்கள்.

கதை? சிறுவன் ரேயின் வீட்டுக்கு, தாத்தா லாயிட் அனுப்பிய பார்சல் வருகிறது. உள்ளே ஓர் உலோக உருண்டை. அபார அழுத்தத்தில் நீராவியை அடக்கிவைத்திருக்கும் அது, எந்த எந்திரத்தையும் அசுர பலத்தோடு இயக்கும். அதைப் பறிக்க ஒரு பணக்கார நிறுவனம் ஆள் அனுப்புகிறது. அந்த நிறுவனத்துக்காக உழைப்பவர், ரேயின் சொந்த அப்பா எட்டி!

அப்பாவுக்கு அறிவியல் என்றால் சக்தி. மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று உலகுக்குக் காட்ட வேண்டும். அது மனிதரை வாழவைக்க வேண்டும், கொல்லக் கூடாது என்பது தாத்தாவின் கட்சி. லண்டன் கண்காட்சியில் நிறுவனம் விற்க வந்திருப்பதோ போர்க் கருவிகள். சரி, எதிர்ப்பக்கம் இருக்கும் பொறியாளர் ஸ்டீபன்சன் நல்லவர் என்று ரே நம்பினால், அவரும் உருண்டையைச் சண்டைக்கே எடுக்கிறார். யாரைத்தான் நம்புவான் பையன்? படத்தின் உயிரே இந்தத் தவிப்புதான்.

(நிஜ ராபர்ட் ஸ்டீபன்சன் 1859-லேயே இறந்துவிட்டார். வரலாற்று டீச்சர் மார்க் குறைப்பார்!)

குறையும் உண்டு. கடைசி அரை மணி நேரம் இடி, வெடி, இடிபாடு. தாத்தாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேச வேண்டியதையெல்லாம் எந்திரங்களின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. பணக்காரச் சிறுமி ஸ்கார்லெட் கலகலப்பாக அறிமுகமாகிறாள். ஆனால், அவளுக்குக் கதையில் பெரிய வேலை இல்லை.

அமெரிக்காவில் வந்த ஆங்கில டப்பிங்கில் சுமார் 20 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். 126 நிமிட முழுப் படத்தை ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். இரு மொழிகளிலும் ரேக்குக் குரல் கொடுத்திருப்பது நடிகைகள்தான். ஜப்பானியத்தில் ஆன் சுசுகி, ஆங்கிலத்தில் அன்னா பாக்வின்.

துப்பாக்கிச் சத்தம் அதிகம் என்பதால், சின்னக் குழந்தைகளோடு நீங்களும் உட்காருங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் என்றால், பாதிப் படத்திலேயே "யார் சொல்றது சரி?" என்று கேட்பார்கள். தாத்தா, பாட்டி பக்கத்தில் இருந்தால் விவாதம் களைகட்டும்!