மீன் தொட்டிக்குத் தானே நீர் வார்க்கும் கருவி

கூடத்தின் ஓரத்திலே ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே தங்கமீன்கள் நீந்தி விளையாடும் காட்சி. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள் புத்தகப் பையை இறக்கி வைக்கும் முன்னரே அதனருகே ஓடி நிற்பதை மீன் வளர்க்கும் இல்லங்களில் நாள்தோறும் காணலாம். ஆனால் அத்தொட்டியின் நீர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைப் பலரும் கவனிப்பதில்லை.

எங்கள் இல்லத்துத் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உடையது. கோடையில், மின்விசிறி ஓயாது சுழலும் கூடத்தில், நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் நீர் ஆவியாகிவிடுகிறது. அரை சென்டிமீட்டர்தானே என்று எண்ணலாகாது. கணக்கிட்டால் அது 1.8 லிட்டர் ஆகும். நீர் குறைந்து வடிகட்டியின் மோட்டார் வெளியே தெரியத் தொடங்கினால், அது நீரின்றி ஓடிக் கெட்டுவிடும். மீன்களுக்கும் தீங்கு நேரும். ஆகவே, குறைந்த அளவைத் தானே நிரப்பும் கருவியொன்றை வாங்கிப் பொருத்தினோம்.

அதன் அமைப்பு எளியது. தொட்டியின் உட்புறத்தில் ஒரு சிறு மிதவை உண்டு. அதனுள்ளே காந்தமும், மிதவையைத் தாங்கும் தண்டினுள்ளே மெல்லிய உலோக இதழ்களும் இருக்கின்றன. நீர் குறைந்து மிதவை இறங்கினால் இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் பாயும். அருகிலுள்ள கேனில் அமிழ்த்தி வைத்த சிறு பம்ப் ஓடும். நீர் உயர்ந்து மிதவை மேலெழுந்தால் பம்ப் நின்றுவிடும். சில கருவிகளில் மிதவைக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு நீர்மட்டத்தை அறியும் உணர்கருவி இருக்கும்.

பொருத்திய மூன்றாம் நாள் விடியற்காலையில், கூடமெங்கும் நீர் பரவிக் கிடந்தது. தரையில் வைத்திருந்த மின் பலகை வரை ஈரம் எட்டியிருந்தது. உறக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்த சிறுமகள் அந்நீரில் கால் வைக்குமுன், பாட்டியார் அவளைக் கைப்பிடித்து நிறுத்தினார். நாங்கள் விரைந்து மெயின் ஸ்விட்சை அணைத்தோம். அன்று நேரவிருந்த விபத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சம் பதறுகிறது.

கருவியை விற்றவரையே முதலில் நொந்துகொண்டோம். பின்னர் ஆராய்ந்தபோதுதான் பிழை எங்களுடையது என்று புலப்பட்டது. மாடித் தொட்டியிலிருந்து நீர் கீழே இறங்குவதைப் பார்த்துப் பழகிய நாங்கள், 20 லிட்டர் கேனை ஓர் உயர்ந்த முக்காலியின்மேல், மீன் தொட்டிக்கு மேலாக வைத்திருந்தோம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் இருப்பது போன்று மிதவையே குழாயை அடைக்கும் அமைப்பாயின், உயரத்தில் வைப்பது முறையே. பம்ப் கொண்ட அமைப்புக்கு அது பொருந்தாது. பம்ப் நின்ற பின்னரும், குழாயில் ஏற்கெனவே நிறைந்துள்ள நீர், மேலிருந்து கீழாகத் தானே வடிந்துகொண்டிருக்கும். இதனைச் சைபன் என்பர். எங்கள் தொட்டியில் 3 சென்டிமீட்டர் இடமே மீந்திருந்தது. அது ஏறத்தாழ 11 லிட்டரை ஏற்றுக்கொண்டது. எஞ்சிய 9 லிட்டர் தரைக்கு வந்தது.

அன்று முதல் இரு விதிகளைக் கைக்கொண்டோம். முதலாவது, கேனின் நீர்மட்டம், குழாயின் வெளிவாயைவிட எப்போதும் தாழ்ந்தே இருத்தல் வேண்டும். இரண்டாவது, மீன் தொட்டியில் மீந்திருக்கும் இடம் கொள்ளும் அளவுக்கு மேல் கேனில் நீர் வைத்தலாகாது. எங்கள் கேனில் இப்போது 10 லிட்டரே ஊற்றுகிறோம். மிதவை பழுதுபட்டு முழு நீரும் தொட்டிக்குள் போனாலும், ஒரு துளியும் வெளியே வழியாது.

இனி, இத்தகைய கருவிகளில் வழக்கமாக எழும் பழுதுகளைக் காண்போம். எதைத் தொடுமுன்னரும் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும் என்பதை முதலில் மனத்தில் இருத்துக.

நீர் நிரம்பவே இல்லையெனில், கேன் வறண்டுள்ளதா, குழாய் மடிந்துள்ளதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையெனில் மிதவை மேலேயே சிக்கியிருக்கக்கூடும். அதனையும் விடுவித்து, மின்சாரத்தை மீண்டும் இணைத்து, ஓர் உலர்ந்த குச்சியால் மிதவையைக் கீழே தள்ளினால் பம்ப் ஓட வேண்டும். ஓடவில்லையாயின், பம்பினுள்ளே அழுக்கு அடைத்திருக்கலாம். அல்லது அது நீரின்றி ஓடிப் பழுதடைந்திருக்கலாம்.

நீர் நிற்காமல் வந்தால், மிதவை கீழே சிக்கியுள்ளது என்று கொள்ளலாம். எங்கள் தொட்டியில் ஒருமுறை சிறு நத்தை ஒன்று மிதவைக்கு மேலே தண்டில் ஒட்டிக்கொண்டு, அதனை எழவிடாமல் தடுத்துவிட்டது. துளைகளிட்ட பிளாஸ்டிக் உறையொன்றை மாட்டிய பின் அத்தொல்லை இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரானால், வெண்ணிறச் சுண்ணப் படிவும் மிதவையை இறுக்கிப் பிடிக்கும். மாதம் ஒருமுறை மிதவையைக் கழற்றி, வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்கு அலசி மாட்டினால் போதும். ஒளி உணர்கருவியாயின் அதன் முகப்பிலுள்ள பாசியைத் துடைக்க வேண்டும்.

பம்ப் ஓயாமல் ஓடுவதும் நிற்பதுமாயிருந்தால் இரு காரணங்கள் உண்டு. காற்றுக் குமிழிகளால் நீர் அலையாடினால் மிதவை தடுமாறும். அதனை அமைதியான மூலைக்கு மாற்றுக. குழாயின் வெளிவாய் தொட்டி நீரில் அமிழ்ந்திருந்தால், பம்ப் நின்றவுடன் நீர் கேனுக்கே திரும்பி வடியும்; வெளிவாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுக.

கருவி பழுதின்றி இயங்கினும் மீன்கள் வாடுவதுண்டு. ஆவியாவது நீர் மட்டுமே. அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. கடின நீரை நாள்தோறும் சேர்த்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இயன்றால் சுத்திகரித்த, உப்புக் குறைந்த நீரையே கேனில் ஊற்றுக. குழாய் நீரானால் குளோரினை நீக்கிய பின்னரே ஊற்ற வேண்டும். வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றும் வேலையை இக்கருவி செய்யாது. அது நம் கடமையாகவே நிற்கும்.

கடல்மீன் வளர்ப்போர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆவியான நீரை ஈடுசெய்ய நன்னீரே ஊற்ற வேண்டும், உப்புநீரன்று. ஆனால் 100 லிட்டர் தொட்டியில் பிழையாக 10 லிட்டர் நன்னீர் மிகுதியாகச் சேர்ந்துவிட்டால், உப்பு 32 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். திடீரென நேரும் இம்மாற்றத்தைப் பவள உயிர்கள் எளிதில் தாங்கா.

மின் பலகையை நாங்கள் இப்போது சுவரில் உயரே பொருத்தியுள்ளோம். கம்பி வழியே நீர் இறங்கினும் பலகையை எட்டாதபடி, கம்பியைச் சற்றுத் தாழத் தொங்கவிட்டுப் பின் மேலேற்றியிருக்கிறோம்.

கருவியைப் பொருத்தியவுடனே வெளியூர் புறப்பட்டுவிடலாகாது. ஒரு வாரமேனும் வீட்டிலிருந்து கவனிக்க வேண்டும். எங்கள் 10 லிட்டர் நீர் ஐந்து நாளைக்கே போதும். அதற்கு மேல் தங்க நேரின், அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, கேனை நிரப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு வரைந்திருக்கிறோம். நாள்தோறும் மாலையில் அக்கோட்டைப் பார்த்துச் சொல்வது சிறுமகளின் வேலை. நீர் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் அவள் முதலில் வந்து சொல்லிவிடுகிறாள்.