லினக்ஸ் கொடுக்கும் வாக்கு

லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நிறுவ ஒரு வரிக் கட்டளை போதும். இணையம் ஒத்துழைத்தால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் பழுத்த டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) ஒருவரிடம் புது சர்வரைக் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வரியை அடிக்க அவசரப்படவே மாட்டார். ரேம் கணக்குப் பார்ப்பார், டிஸ்க்கைப் பிரிப்பார், லினக்ஸின் மையமான கெர்னலில் நாலைந்து எண்களை மாற்றுவார், எந்த மொழியின் அகரவரிசை வேண்டும் என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவருக்கு இதெல்லாம் வீண் சம்பிரதாயமாகத் தோன்றும். உண்மையில் டிபிஏ தீர்த்துவைப்பது நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு தகராறை.

தகராறு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில். தகவல்களை அட்டவணைகளாக வைத்து, அவற்றுக்கிடையிலான உறவுகளைக் கொண்டே எதையும் தேடி எடுக்கலாம் என்று ஐபிஎம்மின் எட்கர் காட் 1970-இல் எழுதினார். அந்த யோசனையை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன்க்ரெஸ் என்ற பெயரில் இயங்கும் மென்பொருளாக்கியவர்களில் ஒருவர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர். கட்டிமுடித்த கையோடு 1981-இல் அவர் ஒரு புகார்க் கட்டுரை எழுதினார். நினைவகம், ஃபைல், வேலைப் பங்கீடு என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரும் சேவைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இவை டேட்டாபேஸுக்கு ஒத்துவரவில்லை என்று காட்டினார். பிறகு 1986-இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சியின் வாரிசுதான் இன்றைய போஸ்ட்கிரெஸ்கியூஎல். புகார் மட்டும் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் இரண்டின் சுபாவமும் வேறு. ஒரே கணினியைப் பல நிரல்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், யாரும் பட்டினி கிடக்கக்கூடாது என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கவலை. அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் சரி, ஆகட்டும் என்று சொல்லிவைக்கும். டேட்டாபேஸ் விற்பதோ ஒரே ஒரு சரக்கு: வாக்கு. உங்கள் பணம் வரவு வைக்கப்பட்டது என்று அது ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த நொடி கரண்ட் போனாலும் அந்த வரவு இருந்தாக வேண்டும். தாராளமாகத் தலையாட்டுகிறவரை நம்பி, சொன்ன சொல் தவறக்கூடாதவர் குடித்தனம் நடத்துவது எப்படி என்பதுதான் பிரச்சினை.

முதலில் நினைவகம். ஒரு நிரல் பத்து ஜிபி கேட்டால், கையில் அவ்வளவு இருக்கிறதா என்று லினக்ஸ் கறாராகப் பார்ப்பதில்லை. கேட்பவர்கள் எல்லோரும் கேட்டதை முழுக்கப் பயன்படுத்துவதில்லை என்பது அதன் அனுபவம். ஆயிரம் பத்திரிகை கொடுத்துவிட்டு அறுநூறு இலைக்குச் சமைக்கும் கல்யாண வீட்டுக் கணக்கு அது. பெரும்பாலான நாட்களில் கணக்கு சரியாக வரும். ஒருநாள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டால், கெர்னல் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிட்டு இடத்தை மீட்கும். ஓஓஎம் கில்லர் என்று அதற்குப் பெயர். அதிக நினைவகம் வைத்திருப்பவர்மேல்தான் அதன் கண் முதலில் விழும். டேட்டாபேஸ் சர்வரில் அது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ். அவற்றில் ஒன்றை மட்டும் கெர்னல் கொன்றாலும் தாய் ப்ராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக்கைப் படித்து மீண்டெழும். பொது நினைவகத்தைச் செத்தவன் எந்த நிலையில் விட்டுப்போனானோ என்ற சந்தேகம் அதற்கு. சந்தேகம் நியாயமானதுதான். அதனால் டிபிஏ கெர்னலிடம் ஓவர்கமிட் எண்ணை 2 என்று வைக்கச் சொல்கிறார். இல்லாததைத் தருகிறேன் என்று சொல்லாதே என்பது அதன் பொருள். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த எண்ணை மாற்றியதும் ரேமில் பாதியையும், ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப்பையும் கூட்டி வரும் அளவோடு கெர்னல் கையை மூடிக்கொள்ளும். 64 ஜிபி ரேமும் 4 ஜிபி ஸ்வாப்பும் உள்ள சர்வரில் 36 ஜிபிக்கு மேல் கேட்டால் இல்லை என்றுவிடும். 50 என்று இருக்கும் விகிதத்தையும் சேர்த்து உயர்த்த வேண்டும். தாய் ப்ராசஸைக் கொல்லவே கூடாது என்று மைனஸ் 1000 மதிப்பெண் கொடுத்துவைப்பதும் வழக்கம்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். லினக்ஸ் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக வெட்டி நிர்வகிக்கிறது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு குறிப்பேடு. ஒரு பக்கத்துக்கு 8 பைட் குறிப்பு. டேட்டாபேஸின் பொது நினைவகம் 16 ஜிபி என்று வைத்துக்கொண்டால் 41,94,304 பக்கங்கள். குறிப்பேடு மட்டும் 32 எம்பி. 300 இணைப்புகள் இருந்து, எல்லாமே அந்த நினைவகம் முழுவதையும் தொட்டுவிட்டால்? 9,600 எம்பி. பதினாறு ஜிபி எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கவே இன்னொரு ஒன்பது ஜிபிக்கு மேல் போய்விடுகிறது. ரேம் எங்கே போகிறது என்று தெரியாமல் தவிக்கும் பல அலுவலகங்களில் அது இங்கேதான் போய்க்கொண்டிருக்கும். பக்கத்தின் அளவை 2 எம்பி ஆக்கினால் குறிப்புகள் 8,192 மட்டும். 300 இணைப்புகளுக்கும் சேர்த்து 19 எம்பிக்குள் அடங்கிவிடும். ஹ்யூஜ் பேஜஸ் என்று இதைச் சொல்வார்கள். சர்வர் ஏறும்போதே கெர்னலிடம் ஒதுக்கச் சொல்லிவிட வேண்டும், ரேம் துண்டுதுண்டாகப் போனபின் கேட்டால் தொடர்ச்சியான இடம் கிடைக்காது. எத்தனை பக்கம் வேண்டும் என்பதை 15ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸே கணக்குப் போட்டுச் சொல்கிறது. கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் சின்னப் பக்கங்களுக்குத் திரும்பிவிடுவது அதன் இயல்புநிலை. ஹ்யூஜ் பேஜஸ் கிடைத்தால்தான் கிளம்ப வேண்டும் என்று கட்டாயமாக்கிவைப்பது என் கட்சி. காலையிலேயே கிளம்பாத சர்வர், மத்தியானம் மூச்சுத் திணறும் சர்வரைவிட மேல்.

இதே வேலையைத் தானாகச் செய்கிறேன் என்று கெர்னல் முன்வரும் டிரான்ஸ்பரன்ட் ஹ்யூஜ் பேஜஸ் என்ற வசதியும் உண்டு. பக்கங்களைப் பின்னணியில் கூட்டிச் சேர்க்கும்போது எதிர்பாராத தாமதம் வருவதால் ஆரக்கிள் தன் நிறுவல் வழிகாட்டிகளில் இதை அணைக்கச் சொல்லிவந்தது.

ஆரக்கிள் பற்றிச் சொல்லும்போது அதன் முன்னேற்பாட்டுப் பட்டியலையும் சொல்லாமல் விடமுடியாது. ஓஇன்ஸ்டால், டிபிஏ என்று குழுக்கள், ஆரக்கிள் என்ற பெயரில் ஒரு யூசர், ரேம் 16 ஜிபிக்கு மேல் இருந்தால் ஸ்வாப் 16 ஜிபி, ப்ராசஸ்கள் முறைவைத்துக்கொள்ள உதவும் செமஃபோர்களுக்கு 250, 32000, 100, 128. இந்த எண்களை ராகம் போட்டுச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். சர்வர் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய ஃபைல்களுக்கு 6815744 என்ற விசித்திர எண். 1048576-ஐ ஆறரையால் பெருக்கினால் அது வரும். இப்போது ஆரக்கிள் லினக்ஸில் இதையெல்லாம் ஒரு ப்ரீஇன்ஸ்டால் பேக்கேஜே செய்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் எந்த எண் எதற்கு என்று தெரியாத ஒரு தலைமுறை டிபிஏக்களும் அதோடு சேர்ந்து உருவாகிவிட்டார்கள்.

யூசர் விஷயத்தில் போஸ்ட்கிரெஸ் பிடிவாதக்காரர்; எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக இயக்கினால் கிளம்பவே மாட்டேன் என்று சொல்லிவிடும். டேட்டாபேஸில் யாராவது ஓட்டை போட்டால் சர்வர் முழுவதும் அவர் கைக்குப் போய்விடக்கூடாதே. அதனால் தனி யூசர் வேண்டும், அதுவும் சேவைகளுக்கென்றே உள்ள சிஸ்டம் யூசராக இருக்க வேண்டும். சாதாரண யூசராக உருவாக்கிவிட்டால் வினோதமான ஒரு நோய் வரும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின் சேவை, ஒரு யூசரின் கடைசி செஷன் முடிந்ததும் அவர் விட்டுப்போன பொது நினைவகத்தையும் செமஃபோர்களையும் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடும். நிர்வாகி அந்தப் பெயரில் உள்ளே வந்து, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, நிம்மதியாக வெளியேறுவார். அவர் வெளியேறியதாலேயே டேட்டாபேஸ் விழும். மறுபடி வந்து பார்ப்பார், கிளப்புவார், ஓடும், போவார், விழும். சிஸ்டம் யூசர்களை இந்தத் துப்புரவு தொடுவதில்லை.

போர்ட், ஃபயர்வால், சர்வர்களின் கடிகாரங்களை ஒத்துவைக்கும் க்ரோனி எல்லாம் அரை மணி நேர வேலை. போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. தேவையான முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு நகரலாம்.

அகரவரிசையை அப்படிக் கடந்துபோக முடியாது. டேட்டாபேஸின் இன்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்திய ஒரு மரம். எது முன்னால், எது பின்னால் என்று போஸ்ட்கிரெஸ் பல காலம் கேட்டுவந்தது லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் புதுப்பித்தது. அமெரிக்க ஆங்கில வரிசையில் அதுவரை 11 முதலிலும் 1-1 பிறகும் வந்துகொண்டிருந்தன. புதிய விதியில் இடம் மாறிவிட்டன. ரெட் ஹாட் 7-லிருந்து 8-க்கும், டெபியன் 9-லிருந்து 10-க்கும் போனவர்களின் பழைய இன்டெக்ஸ்கள் அப்படியே இருந்தன, விதி மட்டும் மாறிவிட்டது. இருக்கிற வரியைத் தேடினால் இல்லை என்று பதில். ஒருமுறைதான் வரலாம் என்ற எண் இரண்டுமுறை பதிவாயிற்று. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. 17ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் தன் கைவசமே ஒரு வரிசை விதியை வைத்துக்கொண்டிருக்கிறது. டேட்டாபேஸை உருவாக்கும்போது தேர்ந்தெடுப்பது இது, பிறகு மாற்றுவது பெரும்பாடு.

எழுத்துக் குறியீட்டிலும் கவனம் வேண்டும், தமிழில் தகவல் வைப்பவர்களுக்குக் கூடுதலாகவே. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். தமிழ் என்று எழுதினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தும் சேர்த்து 15 பைட். மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்று பெயரிட்டிருந்த பழைய வகை 3 பைட்டோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டபோது அவற்றுக்கு 4 பைட் தேவைப்படும் இடம் கிடைத்தது. பழைய நிலக்கணக்குகளைக் கணினியில் ஏற்றும் ஒருவர் பழைய வகையில் அட்டவணை போட்டிருந்தால், கண்டிப்பு இல்லாத அமைப்பில் அந்தக் குறி வந்த இடத்தோடு வரி அறுந்துபோகும். 8.0 பதிப்பிலிருந்து 4 பைட் வகையே இயல்புநிலை.

கடைசியாக டிஸ்க். தகவலுக்கு ஒன்றும் லாக்குக்கு ஒன்றுமாகத் தனித்தனி டிஸ்க் வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். தகவல் கோப்பகத்தை டிஸ்க் வந்து ஒட்டும் இடத்திலேயே வைக்காமல் அதற்குள் ஒரு படி கீழே வைப்பார்கள். மேல் கோப்பகம் ரூட்டின் பெயரில் இருக்கும். ஒருநாள் டிஸ்க் ஒட்டாமல் சர்வர் எழுந்தால் உள்ளே கோப்பகமே இருக்காது, டேட்டாபேஸ் கிளம்பாது. இந்த ஏற்பாடு இல்லாதவர்களின் சர்வர், ஒரு வெற்றுக் கோப்பகத்தில் புது டேட்டாபேஸைத் தொடங்கிவிட்ட கதைகள் உண்டு.

டிஸ்க்கில் எழுது என்று சொன்னால் லினக்ஸ் உடனே எழுதுவதில்லை. ரேமில் வாங்கிவைத்துக்கொண்டு எழுதியாயிற்று என்று சொல்லும். உண்மையாகவே எழுதவைக்க எஃப்சிங்க் என்று தனியாக ஒரு கட்டளை. டேட்டாபேஸின் வாக்கு முழுவதும் அந்த ஒரு கட்டளையில் தொங்குகிறது. எஃப்சிங்க் தோற்றால் இன்னொருமுறை முயன்றால் போயிற்று என்று போஸ்ட்கிரெஸ் சுமார் இருபது வருடம் நம்பிக்கொண்டிருந்தது. 2018 மார்ச்சில்தான் உண்மை வெளியே வந்தது. எழுத முடியாமல் போன பக்கத்தை, எழுதாமலேயே சுத்தமானது என்று லினக்ஸ் குறித்துவிடுகிறது. இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று திரும்புகிறது. தகவல் போயே போச்சு. டேட்டாபேஸ்காரர்களும் கெர்னல்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். 2019 பிப்ரவரியில் வந்த திருத்தம் எளிமையானது, கொடூரமானது: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் டேட்டாபேஸ் தானே விழுந்து, லாக்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.

கெர்னல் உண்மை பேசினாலும் டிஸ்க் பேசும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்குக்குள்ளும் ஒரு சின்ன ரேம் இருக்கிறது. அதில் வாங்கிக்கொண்டு எழுதியாயிற்று என்று சொல்லும் மலிவு டிஸ்க்குகள் ஏராளம். இதைக் கண்டுபிடிக்க லைவ்ஜர்னல் வலைப்பதிவுத் தளத்தைத் தொடங்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005-இல் ஒரு சிறு நிரல் எழுதினார். சோதனை சர்வர் வரிசையாக எழுதும். ஒவ்வொன்றும் டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று வேறொரு கணினிக்குத் தெரிவிக்கும். நடுவில் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். பட்டனை அமுக்கினால் போதாது, கம்பியைத்தான் பிடுங்க வேண்டும். மறுபடி ஏற்றியதும், இறங்கிவிட்டதாகச் சொன்னவை எல்லாம் டிஸ்க்கில் இருக்கின்றனவா என்று இரண்டு கணினிகளும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஒன்று குறைந்தாலும் வழி இரண்டுதான். ரைட் கேஷ் எனப்படும் அந்தச் சின்ன ரேமை அணைத்துவிடலாம். வேகம் கண்ணெதிரே சரியும். அல்லது கரண்ட் போனபின்னும் கையிலிருப்பதை எழுதிமுடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டி வாங்க வேண்டும். கொள்முதல் பிரிவில் முகம் சுளிப்பார்கள். எதுவானாலும் சர்வர் காலியாக இருக்கும் இந்த வாரத்திலேயே செய்துவிட வேண்டும். உள்ளே கணக்குகள் ஏறியபின் கம்பியைப் பிடுங்க யாரும் அனுமதிக்கமாட்டார்கள்.