கேம் ஓடலைன்னாலும் பணம் உண்டு: 'மினிமம் கேரண்டி' நம்ம சம்பளத்துக்குச் சொல்ற பாடம்



போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, கையில ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு வருஷத்துக்கு 10 லட்சம், முழுக்க ஃபிக்ஸட். இன்னொண்ணு 7 லட்சம் ஃபிக்ஸட், டார்கெட் அடிச்சா 6 லட்சம் வரைக்கும் வேரியபிள். எதை எடுக்கட்டும்?"

பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, இதே கேள்வியைக் கோடிக்கணக்கான டாலர்ல சந்திச்ச ஒரு தொழிலைப் பார்த்துட்டு வரலாம்: பெரிய பட்ஜெட் வீடியோ கேம்.

கமிஷன் குறைவு, ஆனா கூட்டம் எங்கே?

பிசியில கேம் வாங்குறவங்க பல வருஷமா போற பெரிய கடை ஸ்டீம். அங்கே அடிப்படை கமிஷன் 30%. விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினா 25%, 5 கோடி டாலரைத் தாண்டினா 20% என்று 2018 கடைசியில் குறைத்தார்கள். அதே டிசம்பரில், ஃபோர்ட்நைட் கேமை உருவாக்கிய எபிக் நிறுவனம் சொந்தக் கடை திறந்தது. கமிஷன் வெறும் 12%.

60 டாலர் கேமுக்குக் கணக்குப் போடுங்க. 30% கமிஷன் போனா கையில 42 டாலர். 12% போனா 52.80 டாலர். அப்போ எல்லாரும் எபிக்குக்கு ஓடியிருக்கணுமே? ஓடலை. ஏன்னா வாடிக்கையாளர் இருக்கிறது ஸ்டீம்ல. அவங்க வாங்கி வச்ச கேம், ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட் எல்லாமே அங்கேதான். ஸ்டீமை விட்டு எபிக்ல மட்டும் வித்தா, 5 பேர்ல ஒருத்தருக்கு மேல வராமப் போனாலே அந்த லாபம் காலி.

எம்.ஜி. உள்ளே வருது

இந்தப் பயத்தைப் போக்க எபிக் எடுத்த ஆயுதம் நம்ம கோடம்பாக்கத்துக்கு நல்லாவே தெரிஞ்சது: மினிமம் கேரண்டி. சினிமாவுல விநியோகஸ்தர் எம்.ஜி. கொடுத்துப் படம் வாங்கினா, ஓடினாலும் ஓடாட்டியும் அந்தப் பணம் தயாரிப்பாளருக்கு. வசூல் அதைத் தாண்டினா 'ஓவர்ஃப்ளோ'வில் பங்கு. இங்கேயும் அதே கதைதான். "பிசியில குறிப்பிட்ட காலம் எங்க கடையில மட்டும் வில்லுங்க, இவ்வளவு பணம் நிச்சயம்" என்பதுதான் ஒப்பந்தம்.

2019-ல் வந்த 'கன்ட்ரோல்' கேமை வெளியிட்ட 505 கேம்ஸுக்கு இப்படி வந்தது 94.9 லட்சம் யூரோ. தாய் நிறுவனமான டிஜிட்டல் பிரதர்ஸின் நிதி அறிக்கையில் இது வெளியானது. முழு விலைக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம் காப்பி விற்றால் கிடைக்கும் பங்குக்குச் சமம்.

'பார்டர்லேண்ட்ஸ் 3' இன்னும் பெருசு. ஆப்பிளுக்கு எதிரா எபிக் போட்ட வழக்கில் 2021-ல் வெளிவந்த ஆவணங்களின்படி மொத்த ஒப்பந்தம் 14.6 கோடி டாலர், அதில் கேரண்டி மட்டும் 8 கோடி. ரெண்டே வாரத்துல அந்த 8 கோடி திரும்பி வந்துடுச்சு. அதுக்கு மேல வித்தது எல்லாம் ஓவர்ஃப்ளோ.

அப்போ நஷ்டம் யாருக்கு?

ரிஸ்க் மறையாது நண்பர்களே, கை மாறும். அவ்வளவுதான். எல்லா கேமும் பார்டர்லேண்ட்ஸ் ஆகலை. 2020-க்கு மட்டும் எபிக் ஒப்புக்கொண்ட கேரண்டி 44.4 கோடி டாலர் என்று அதே வழக்கில் வெளிவந்தது. 2023 நவம்பரில் இன்னொரு வழக்கில் கடையின் பொறுப்பாளரே, கடை இன்னும் லாபத்துக்கு வரவில்லை என்று சாட்சி சொன்னார். இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம் ஃபோர்ட்நைட் கொட்டின பணம். அந்த எபிக்கே 2023 செப்டம்பரில் சுமார் 830 பேரை வேலையை விட்டு அனுப்பியது. வரவை விடச் செலவு ரொம்ப அதிகம் என்பது தலைவர் டிம் ஸ்வீனி சொன்ன காரணம்.

வாங்குறவருக்கு என்ன கிடைச்சது? 'மெட்ரோ எக்ஸோடஸ்' கேமுக்கு அமெரிக்காவில் 10 டாலர் குறைத்தார்கள். பெரும்பாலான பெரிய கேம்களுக்கு விலை மாறலை. மிச்சமான கமிஷன் விற்றவர் பாக்கெட்டுக்கே போச்சு. பொறுமையா இருந்தவங்களுக்கு லாபம்: 'கன்ட்ரோல்' ஒரு வருஷம் கழிச்சு, கூடுதல் கதைப் பகுதிகளோட ஒரே பேக்கா ஸ்டீமுக்கு வந்தது.

இப்போ தம்பியோட கேள்வி

ஃபிக்ஸட் சம்பளம்தான் உங்க எம்.ஜி., வேரியபிள்தான் ஓவர்ஃப்ளோ. தம்பியோட ரெண்டாவது ஆஃபர் முதல் ஆஃபரைத் தொடணும்னாலே 6 லட்சத்துல பாதி வந்தாகணும். அதனால மூணு விஷயம் பாருங்க.

1. எம்.ஜி. உங்க செலவைத் தாங்குதா? தம்பிக்கு வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, அப்பா ஆபரேஷனுக்கு எடுத்த லோன் இஎம்ஐ எல்லாம் சேர்த்து மாசம் 50,000. ஆனா 7 லட்சம்னா பிடித்தத்துக்கு முன்னாடியே மாசம் 58,000 தான்.

2. ஓவர்ஃப்ளோ உண்மையா வருதா? போன வருஷம் அந்த டீம்ல எத்தனை பேருக்கு எத்தனை சதவீதம் வேரியபிள் கிடைச்சதுன்னு ஹெச்ஆர்கிட்ட மட்டும் கேட்காதீங்க, அங்கே வேலை பார்க்கிறவர்கிட்டயும் கேளுங்க.

3. கேரண்டி கொடுக்கிறவர் எவ்வளவு ஸ்ட்ராங்? 830 பேர் கதையை மறக்காதீங்க. எவ்வளவு பெரிய கம்பெனி ஆனாலும் 6 மாசச் செலவு எமர்ஜென்சி ஃபண்டா உங்க கையில இருக்கணும்.

தம்பிக்கு என் பதில்: 10 லட்சத்தை எடுங்க. லோன் முடிச்சு, எமர்ஜென்சி ஃபண்ட் சேர்த்த பிறகு, அடுத்த மாற்றத்துல வேரியபிள் பக்கம் தைரியமா போங்க. அப்போ டார்கெட் தவறினாலும் வீட்டுக்கு அனுப்புற பணம் நிக்காது.

உங்க சம்பளத்துல எவ்வளவு எம்.ஜி., எவ்வளவு ஓவர்ஃப்ளோ? கமெண்ட்ல சொல்லுங்க. ஆஃபர் லெட்டரை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.