தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

பாட்டி வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் மூன்று மடங்கு ஏறியபோது, மீட்டரில்தான் கோளாறு என்று அப்பா நினைத்தார். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் போய்ப் பார்த்தோம். மீட்டர் முள் சுற்றிக்கொண்டே இருந்தது. சமையலறையில் மொசைக் இடுக்கு ஒன்றில் ஈரம் கசிந்தது. “இங்கதான், உடைச்சிடலாம்” என்றார் அப்பா. பொறியியல் படிக்கும் நானும் தலையாட்டினேன்.

பைப் வேலைக்கு வந்த அண்ணன் சுத்தியலைத் தொடவில்லை. “அங்கிள், ஈரம் தெரியிற இடம் வேற, ஓட்டை இருக்கிற இடம் வேற” என்றார். மொசைக்கிற்கு அடியில் தண்ணீர் தாழ்வான பக்கமாக ஓடி, வழி கிடைத்த இடத்தில் மேலே வருமாம்.

நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். வெற்றொலி கேட்ட இடத்தில் மொசைக் பிடிப்பு விட்டிருந்தது. அந்த ஒரு கல்லை மட்டும் உளியால் நெம்பினார். சாதாரணமாக அதன் கீழ் சிமெண்டுப் பூச்சு, அப்புறம் கான்கிரீட், சில இடங்களில் அதற்குள் இரும்பு வலையும் இருக்கும். சிறிய துளை போட்டால் வரும் தூளின் நிறமே பாதி கதையைச் சொல்லிவிடும்: சாம்பல் என்றால் சிமெண்டு, சிவப்பு என்றால் செங்கல். மாடித் தளம் என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே கான்கிரீட்டோடு சேர்ந்து கம்பிகளும் பாரத்தைத் தாங்குகின்றன. சில அடுக்குமாடிகளில் இழுத்துக் கட்டிய எஃகு வடங்களும் உண்டு. அதை வெட்டினால் உயிருக்கே ஆபத்து.

எங்களுக்கு வந்தது வேறு. பூச்சுக்கு அடியில் 9 அங்குலச் சதுர ஓடுகள், அவற்றின் கீழ் கறுப்புப் பசை. தாத்தா காலத்துத் தரைமேலேயே மொசைக் ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் உடனே எழுந்துவிட்டார். அக்காலத்து வினைல் ஓடுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அசையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. கிரைண்டர் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும். நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம். ஆய்வகச் சோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால், பாட்டி அந்தச் சமையலறையில்தான் நாள் முழுவதும் இருக்கிறார்.

துளையை ஈரத்துணியால் துடைத்து சிமெண்டு பூசி மூடினோம். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயை அடைத்துவிட்டு, சுவரோரமாகப் புதிய குழாய் இழுத்தார் அண்ணன். மீட்டர் முள் நின்றது.

சுவரில் குழாய் ஓடுவது பாட்டிக்குப் பிடிக்கவேயில்லை. இப்போது கரித்துணி அதில்தான் காய்கிறது.