கரும்பும் கண்ணீரும்

சந்தைக்குச் சென்றால் 'மோரீசு வாழைப்பழம்' என்று கேட்டு வாங்குகிறோம். பூவன், ரஸ்தாளி, பேயன், நேந்திரன் என்னும் பெயர்களுக்கிடையே இப்பெயர் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஆப்பிரிக்காக் கண்டத்திற்குக் கிழக்கே, இந்துமாக்கடலின் நடுவே, சென்னையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கும் மொரீசியசுத் தீவின் பெயர் அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய தீவு. ஆயினும் அதன் வரலாறு நம் அனைவருக்கும் பாடம் புகட்டவல்லது.

பெரும்பாலான நாடுகளில் அந்நியர் வருமுன்பே பூர்வ குடிகள் இருந்தனர். மொரீசியசில் ஒருவரும் இல்லை. இன்று அங்கே வாழும் பன்னிரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அனைவரும் கப்பலில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களே. சிலர் ஆளவும் பொருளீட்டவும் வந்தனர். பலர் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். அவர்களினும் பலர் கைரேகை வைத்துக் கொடுத்த ஒப்பந்தத்தின் பேரில் வந்தனர். இவர்கள் ஒரே நாட்டினர் ஆனது எவ்வாறு?

ஆளில்லாத் தீவு

1598-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இத்தீவில் இறங்கித் தம் இளவரசர் மாரிஸ் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினர். 1638-இல் குடியேறிக் கருங்காலி மரங்களை வெட்டினர். மறு ஆண்டே சாவகத் தீவிலிருந்து கரும்பைக் கொணர்ந்து நட்டனர். பறக்க இயலாத 'டோடோ' என்னும் பறவை அவர்கள் காலத்திலேயே உலகினின்று மறைந்தது. 1710-இல் அவர்கள் தீவைக் கைவிட்டுச் சென்றனர். 1715-இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர்.

1735-இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனே என்பவரே போர்ட் லூயிஸ் நகரையும் துறைமுகத்தையும் உருவாக்கியவர். கொத்தரும் தச்சரும் கொல்லரும் தேவைப்பட்டபோது அவர் நாடியது புதுச்சேரியை. தமிழ்க் கைவினைஞர் பலர் அவ்வாறு கடல் கடந்தனர். 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியவரும் இதே லா பூர்தொனே என்பதை நினைவிற்கொண்டால், அத்தீவுக்கும் நம் கடற்கரைக்கும் இருந்த தொடர்பு எத்துணைப் பழமையானது என்பது விளங்கும்.

இந்தியாவுக்குச் செல்லும் ஆங்கிலக் கப்பல்களை அங்கிருந்து பிரெஞ்சுக்காரர் கொள்ளையிட்டமையால், 1810-இல் ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களையும் கூட்டிச்சென்று தீவை வென்றனர். ஆனால் அங்கிருந்த பிரெஞ்சு முதலாளிகளின் சொத்து, சட்டம், மொழி, சமயம் ஆகியவற்றைத் தொடுவதில்லை என வாக்களித்தனர். கொடி மாறியது, தோட்டங்களின் உடைமையாளர் மாறவில்லை. அடிமைகளின் நிலையும் மாறவில்லை.

திருமுழுக்கும் விலங்கும்

அடிமைகள் யாவர்? மடகாசுக்கரிலும் மொசாம்பிக்கிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் பிடித்து விற்கப்பட்டோர் பெரும்பான்மையினர். இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் இருந்தனர். ஆங்கிலேயர் வென்ற காலத்தில் தீவின் மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் அடிமைகளே.

இங்கே கத்தோலிக்கராகிய நாம் தலைகுனிந்து ஏற்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. பிரெஞ்சு அரசர் 1723-இல் இத்தீவுகளுக்கென விதித்த 'கறுப்புச் சட்டம்', அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. அதே சட்டம் அடிமையை அசையும் சொத்து என்றது. தப்பியோடுபவனின் காதை அறுக்கவும் சூடிடவும் இடங்கொடுத்தது. இறைவனின் பிள்ளை எனத் திருமுழுக்குப் பெற்றவன் மாலையில் மேசை நாற்காலியோடு சேர்த்து எண்ணப்பட்டான்! ஞானத் தந்தையாக நின்றவர்களும் குருக்களும் இம்முரண்பாட்டைக் காணாதவர்போல் வாழ்ந்தனர். ஒரு வழக்கத்தின் நடுவே பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் கொடுமை கண்ணுக்குத் தெரிவதில்லை போலும்.

தீவின் தென்மேற்கில் 'லெ மோர்ன்' என்னும் செங்குத்தான மலை கடலோரத்தில் நிற்கிறது. தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். விடுதலைச் செய்தியை அறிவிக்கப் படைவீரர் மலையேறியபோது, தங்களைப் பிடிக்க வருகின்றனர் என்றெண்ணி அவர்கள் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்று அந்நாட்டார் வாய்மொழியாகக் கூறுவர்.

ஈட்டுத்தொகை யாருக்கு?

1835-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மொரீசியசில் அடிமைமுறை ஒழிந்தது. ஈட்டுத்தொகையாக ஆங்கில அரசு இருபது லட்சம் பவுனுக்குமேல் வழங்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு அன்று, அடிமைகளை 'இழந்த' முதலாளிகளுக்கு! விடுதலை பெற்றோருக்குக் காலணாவும் இல்லை, கையளவு நிலமும் இல்லை. அது போதாதென்று, 'பயிற்சிக் காலம்' என்னும் பெயரால் 1839 வரை பழைய எசமானரிடமே உழைக்கவும் வேண்டியிருந்தது. அது முடிந்த அன்றே அவர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறினர். கடலோரங்களில் மீன்பிடித்தும், நகரில் கைத்தொழில் செய்தும் பிழைத்தனர். இவர்களின் சந்ததியினரே இன்று 'கிரியோல்' எனப்படும் மக்கள், பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

அவர்களிடையே 1841-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் ஒரு குரு வந்திறங்கினார். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் மருத்துவராயிருந்து குருவான ஜாக் தெசிரே லவால் என்பவர் அவர். வெள்ளையரின் வரவேற்பறைகளை அவர் நாடவில்லை. விடுதலை பெற்றோரின் கிரியோல் மொழியைக் கற்றார். 'கொச்சை' என்று படித்தவர் இகழ்ந்த அம்மொழியிலேயே ஞானோபதேசம் கற்பித்தார். பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு மாலை வேளைகளில் வகுப்பு நடத்தினார். அவர்களுள் ஆண்களையும் பெண்களையும் உபதேசியாராக உயர்த்தினார். தோட்ட முதலாளிகள் பலர் அவரைப் பகைத்தனர், ஏளனம் செய்தனர். 1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அவர் மறைந்தபோது பல்லாயிரவர் திரண்டு அழுதனர். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார்.

லவால் அடிகளார் சட்டத்தை மாற்றவில்லை. நிலத்தைப் பங்கிட்டுத் தரவுமில்லை. அசையும் சொத்தாக எண்ணப்பட்டவனை அவன் மொழியில் பேசி, மனிதனாக மதித்தார். அதுவே அவன் அதுகாறும் பெறாத ஈட்டுத்தொகை.

'கூலி' என்ற சொல்

இனித் தோட்டங்களைக் காண்போம். 1825-இல் மொரீசியசுச் சர்க்கரைக்கு, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குரிய அதே சுங்கவரியை ஆங்கில அரசு விதித்தது. வரி குறைந்ததும் தீவெங்கும் கரும்பு பரவியது. நீராவி ஆலைகள் எழுந்தன. 1850-களில் ஆண்டு விளைச்சல் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. ஆலைக்குக் கரும்பு வேண்டும். கரும்புக்குக் கைகள் வேண்டும். விடுதலை பெற்றவரோ திரும்பி வர மறுத்தனர். முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மீது விழுந்தது.

1834-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 தொழிலாளரைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. 1910 வரை நாலரை லட்சம் இந்தியர் அவ்வாறு வந்தனர். கல்கத்தாவிற்கு அடுத்தபடியாக ஆள் அனுப்பியது நம் சென்னைத் துறைமுகம். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஒருபுறம் தள்ள, ஆள்பிடிக்கும் கங்காணிகளின் ஆசைவார்த்தை மறுபுறம் இழுக்க, நம் சிற்றூர்களின் ஏழைகள் கப்பலேறினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆடவருக்கு மாதம் ஐந்து ரூபாய், அரிசியும் பருப்பும் தனி. ஒருநாள் வராவிடில் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம்! இதற்கு 'இரட்டை வெட்டு' என்று பெயர்.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் கற்படிகளில் ஏறியதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. முத்துவும் வீரப்பனும் எண்களாயினர். பிற்காலத்தில் நிழற்படம் ஒட்டிய சீட்டையும் சுமந்து திரியவேண்டியதாயிற்று. 1867-இல் வந்த சட்டத்தின்படி, அச்சீட்டின்றி எல்லை கடந்தவன் ஒப்பந்தம் முடித்தவனாயினும் நாடோடி எனப் பிடிக்கப்பட்டுச் சிறை சென்றான். அதே ஆண்டில் மலேரியாக் காய்ச்சல் தீவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டுபோயிற்று.

அக்கற்படிகளுக்குக் 'கூலித் துறை' என்று பெயர். நம் மொழியில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். வெள்ளையர் வாயிலோ அது உழைப்பவனுக்கே பெயராயிற்று. அவன் யாருடைய மகன், எந்த ஊர், என்ன பாட்டு அறிவான் என்பதெல்லாம் மறைந்து, கொடுத்த விலையே ஆளாயிற்று. அடிமைச் சந்தையில் நிகழ்ந்ததும் இதுவேயன்றோ? விலங்கு போய்ச் சீட்டு வந்தது, அவ்வளவே.

இதைக் கண்டு பொறாத வெள்ளையர் ஒருவர் இருந்தார். அதோல்ப் தெ பிளெவிட்ஸ் என்னும் அவரும் தோட்டக்காரரே. 1871-இல் 9,401 இந்தியர் ஒப்பமும் கைக்குறியும் இட்ட விண்ணப்பம் ஒன்றை அவர் முயன்று தயாரித்து ஆளுநர் ஆர்தர் கோர்டனிடம் அளிக்கச் செய்தார். முதலாளிகள் கொதித்தெழுந்தனர்; அவர் பொதுவிடத்தில் தாக்கப்பட்டார். ஆயினும் அரச விசாரணைக் குழு அமைந்தது. 1878-இல் சட்டம் ஓரளவு தளர்ந்தது.

கற்குவியல்கள்

மொரீசியசுக் கரும்பு வயல்களின் நடுவே கருங்கற்கள் மலைபோல் குவிந்திருப்பதைக் காணலாம். எரிமலைப் பாறை நிறைந்த நிலத்தைப் பண்படுத்த முதலில் அடிமைகளும் பின்னர் ஒப்பந்தத் தொழிலாளரும் வெறுங்கையால் பெயர்த்துக் குவித்தவை அவை. எந்தக் கல்லை யார் தூக்கினார் என்று இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அக்கல்லைத் தூக்கியவர்களின் பிள்ளைகள் பிரிந்தே நின்றனர். சர்க்கரை விலை வீழ்ந்தபோது முதலாளிகள் தோட்டத்தின் ஓரங்களைத் துண்டுபோட்டு விற்றனர். சிறுகச் சிறுகச் சேமித்த இந்தியர் அவற்றை வாங்கிச் சிறு விவசாயிகளாயினர். 1901-இல் அங்கே சில வாரம் தங்கிய காந்தியடிகள், பிள்ளைகளைப் படிக்கவைக்கும்படி அவர்களுக்கு அறிவுரை கூறினார். பிள்ளைகள் படித்தனர், அரசியலில் ஏறினர். நிலமும் நிதியும் பெறாத கிரியோல் மக்கள் பின்தங்கினர். இந்தியரின் ஆட்சி வருமோ என அஞ்சினர். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 44 பேர் சுதந்திரத்தை ஆதரித்த கட்சிகளுக்கு எதிராக வாக்களித்தனர். 1968 சனவரியில் தலைநகரில் கிரியோல்களும் முஸ்லிம்களும் மோதிக்கொள்ள, குருதி சிந்தியது. அவ்வாண்டு மார்ச் 12-இல் சுதந்திரக் கொடி ஏறியது.

ஆங்கில அரசு விடைபெறும் வேளையிலும் ஓர் அநீதியைச் செய்தது. 1965-இலேயே சாகோஸ் தீவுகளைப் பிரித்துத் தனக்கென வைத்துக்கொண்டு, அமெரிக்கப் படைத்தளத்திற்காக அங்கிருந்த மக்களை 1973-க்குள் முற்றிலும் வெளியேற்றியது. அடிமைகளாகவும் தொழிலாளராகவும் கொண்டுசெல்லப்பட்டவரின் சந்ததியினர் இரண்டாம் முறையும் கப்பலேற்றப்பட்டனர். அத்தீவுகளின் இறைமையைத் திருப்பித் தரும் உடன்படிக்கை 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் கையெழுத்தாயிற்று.

ஒருவர் கண்ணீரை மற்றவர்

இத்துணைப் பிளவுகளுக்கிடையே நாடு சிதறவில்லை. அது எளிதில் வந்த பேறு அன்று. 1990-களில் கிரியோல் குரு ஒருவர், தம் மக்கள் செழிப்பில் பங்கின்றி ஒதுங்கிக் கிடப்பதை வெளிப்படையாகப் பேசினார். திருச்சபையும் தன் பங்கை ஆராயவேண்டியதாயிற்று. 2009-இல் நாடே 'உண்மை மற்றும் நீதி ஆணையம்' அமைத்து அடிமை முறையின் வடுக்களை ஆராய்ந்தது.

இன்று பிப்ரவரி முதல் நாள் அடிமைமுறை ஒழிந்த நினைவாகவும், நவம்பர் 2-ஆம் நாள் ஒப்பந்தத் தொழிலாளர் வந்த நினைவாகவும் அங்கே பொது விடுமுறை. 'கூலித் துறை' என்ற பெயரையும் 1987-இல் மாற்றி, 'ஆப்ரவாசி காட்' என அழைக்கலாயினர். அத்துறையை 2006-இலும் லெ மோர்ன் மலையை 2008-இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றது. எண்ணிட்ட பதிவேடுகளைத் திறந்து பேரப்பிள்ளைகள் தம் பாட்டனின் பெயரையும் ஊரையும் தேடுகின்றனர். எண் மீண்டும் பெயராகிறது! முருங்கைக்கீரையை இன்றும் அங்கே 'முரூம்' என்றே சொல்லி, கிரியோல் வீட்டிலும் சமைக்கின்றனர். செப்டம்பர் 9-இல் சாந்த் குருவா ஊரிலுள்ள லவால் அடிகளாரின் கல்லறைக்குக் கத்தோலிக்கர் மட்டுமல்லர். இந்துக்களும் முஸ்லிம்களும் இரவெல்லாம் நடந்து வருகின்றனர். 2019-இல் அந்நாளிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் அத்தீவில் திருப்பலி நிறைவேற்றினார்.

ஆனால் கதை முடியவில்லை. 1970-இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் வந்தபின் அங்கே ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. உள்ளூர்க் கைகள் போதாமல், வங்காளதேசத்தினின்றும் மடகாசுக்கரினின்றும் இந்தியாவினின்றும் தொழிலாளர் ஒப்பந்தத்தில் வரவழைக்கப்பட்டனர். ஒப்பந்தத்தில் வந்தவரின் பேரப்பிள்ளைகள், ஒப்பந்தத்தில் வருபவரை எவ்வாறு நடத்துவர்? அந்நாட்டின் மனச்சாட்சிமுன் நிற்கும் வினா இதுவே.

நம் மனச்சாட்சிமுன்னும் அது நிற்கிறது. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் ஒப்பந்தத்தில் உழைக்கின்றனர். அங்கே அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார் உண்டா என்று தாய்மார் ஏங்குகின்றனர். அதே வேளையில் நம் ஊர்க் கட்டடங்களிலும் ஆலைகளிலும் சார்க்கண்டு, ஒடிசா மாநிலத்தார் உழைக்கின்றனர். அவருள் கத்தோலிக்கரும் உளர். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் செல்லும் அவ்விளைஞர்களை நாமும் 'வடக்கத்தியான்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வாசகர்களே! வரும் ஞாயிறன்று அவருள் ஒருவரின் பெயரைக் கேட்டறிவோமா?