காலம் காட்டும் இணைப்புச் சொற்கள்

ஆங்கில இலக்கணத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதப் புகுவது ஏன் என அன்பர்கள் வினவக்கூடும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களிலிருந்து வந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் பலர், நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் பேச அஞ்சி வாய்மூடி நிற்பதைக் கண்டு வருகிறோம். அவர்தம் பிழைகளை ஆராயுங்கால், அவற்றுட் பல தமிழ் இலக்கணத்தை மறந்தமையால் நேர்ந்தவை என்றே நமக்குத் தோன்றுகிறது. காலம் காட்டும் இணைப்புச் சொற்களை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

'அவர் வரும்போது சொல்வேன்' என்பதை மாணவர் 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்' எனப் பெயர்க்கின்றனர். 'வரும்' என்பது எதிர்காலம் காட்டுவதால் 'வில்' இடுகின்றனர். ஆங்கில மரபோ 'வென் ஹி கம்ஸ்' என்று நிகழ்காலத்தையே வேண்டி நிற்கும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' ஆகியன தொடங்கும் காலத் துணைத்தொடர்க்கும் இதுவே விதி. எதிர்காலத்தைக் காட்டும் 'வில்' முதன்மைத் தொடரில் மட்டுமே நிற்கும்.

இஃது நமக்குப் புதிதன்று. 'அவர் வந்தபின் சொல்வேன்' என்கிறோம். அவர் இன்னும் வந்திலர். எனினும் 'வந்த' என இறந்தகாலத்தாற் கூறுகிறோம். சொல்லுதற்கு முன் வருகை முடிந்திருக்கும் என்பதே கருத்து. தமிழில் எச்சத்தின் காலம் முற்றுவினையை நோக்கியது. பேசுவோன் நிற்கும் நேரத்தை நோக்கியதன்று. பின், முன், கால், கடை, வழி, இடத்து என்னும் ஆறினையும் காலங்கருதிய எச்ச ஈறுகளாகத் தொல்காப்பியர் வினையியலில் தொகுத்துரைத்தார். ஆங்கிலேயர் தனிச்சொல்லாக முன்னே வைப்பதை நாம் வினையின் ஈற்றில் வைக்கிறோம், வேறுபாடு இவ்வளவே.

'நாளைக்கு வர்றனுங்க' என்று கொங்கு நாட்டில் நாள்தோறும் கேட்கிறோம். நாளைய வருகைக்கு நிகழ்கால வினை! விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணத்தால் காலம் பிறழ்ந்து வருதலைக் கால வழுவமைதி என ஏற்றுக்கொண்டது நன்னூல். சீயகங்கன் வேண்ட அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்று கொங்கு மக்கள் போற்றுவர். அம்மண்ணின் பிள்ளைகள் 'வென் ஹி கம்ஸ்' என்பதைக் கண்டு மருளலாமா?

'முன்' என்னும் சொல்லிலும் ஓர் இடறல் உண்டு. 'இரண்டாண்டுகளுக்கு முன்' என்பதை 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்கின்றனர். 'டூ இயர்ஸ் அகோ' என்பதே வழக்கு. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பதும் பிழையே. 'இரண்டாண்டுகளாக' என்றால் 'ஃபார்'. '2022 முதல்' என்றால் 'சின்ஸ்'. 'ஆக', 'முதல்' என்னும் வேறுபாட்டைத் தமிழில் ஒருவரும் பிழைபடக் கூறுவதில்லை.

பெரிதும் இடர் விளைப்பன 'பை', 'அன்டில்' என்னும் இரண்டுமாம். இவற்றை விளக்க வகுப்பில் நாம் நோன்பையே காட்டாகக் கொள்வது வழக்கம். மஃரிப் வரை நோன்பிருக்கிறோம்: செயல் அந்நேரம்வரை இடையறாது தொடர்கிறது, இது 'அன்டில்'. ஃபஜ்ருக்குள் சஹர் உணவை முடிக்கிறோம்: அந்நேரத்திற்கு முன் செயல் நிறைவேறிவிட வேண்டும், இது 'பை'. 'வரை', 'உள்' என்னும் இரண்டையும் மாற்றி உரைப்பின் நோன்பே பிறழும். இதனைக் கூறியதும் முன்வரிசை, பின்வரிசை என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் விளங்கிவிடுகிறது.

'அன்டில்' எதிர்மறையையும் வேண்டாது. 'அவர் வராத வரை' என்னும் வழக்கைக் கருதி 'அன்டில் ஹி டஸ் நாட் கம்' என எழுதுவோர் உளர். 'அவர் வரும்வரை' எனத் தமிழில் திருத்திக்கொண்டால் ஆங்கிலமும் திருந்திவிடும்.

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நம் மாணவர் கடிதம் எழுதுவதாகக் கொள்வோம். '15ஆம் தேதிக்குள் சரக்கை அனுப்பிவிடுவோம்' என்பதை 'அன்டில்' இட்டு எழுதினால், 15ஆம் தேதிவரை சரக்கு சிறிது சிறிதாக வந்துகொண்டிருக்கும் என்றே அயல்நாட்டு வணிகர் பொருள்கொள்வார். முழுச் சரக்கையும் எதிர்நோக்கிக் கப்பலில் அவர் இடம் பதிவு செய்யமாட்டார்.