கருங்கல் எல்லாம் ஒரே கல் அல்ல

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் மூலவருக்கு முன்னால் ஒற்றைக்கல் மண்டபம் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மர் காலத்தில், 1731இல், திருமலையில் வெட்டிக் கொண்டுவந்த இரண்டரை அடி கனமுள்ள ஒரே பாளம் அது. அதைக் கருங்கல் என்கிறோம். எல்லோரா குகைகளைக் குடைந்ததும் கருங்கல்லில்தான் என்கிறோம். அம்மி முதல் ஆலயம் வரை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. ஆனால், இந்த இரண்டு கற்களும் பிறந்த விதத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

திருவனந்தபுரத்துக் குன்றுகள் பெரும்பாலும் கோண்டலைட், சார்னோகைட் பாறைகள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. பொன்முடிப் பக்கம் உடைந்த பாறையைக் கையில் எடுத்தால் படிகங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். எல்லோராவின் பசால்ட் அப்படியல்ல. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் தரைமேல் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு அது. படிகத்தைப் பார்க்க லென்ஸ் வேண்டும்.

சர்க்கரைப் பாகைப் பல நாள் அசையாமல் விட்டால் கற்கண்டு விளைகிறது. தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடிபோல் இறுகுகிறது. எரிமலைக் குழம்பு பாறையாக இறுகும்போதும் அதே கணக்குதான். ஆழத்தில் மெல்ல ஆறினால் பெரிய படிகம், தரையில் வேகமாக ஆறினால் பொடிப் படிகம், படிகம் வளர இடமே கொடுக்காமல் இறுகினால் அப்சிடியன் கண்ணாடி.

படிகத்தின் அளவைப் பற்றிய இந்தக் கணக்கு, பாறையின் இழையமைப்பு. பாகில் என்ன கலந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. பசால்ட்டில் சிலிக்கா ஏறக்குறையப் பாதி. ரயோலைட் என்ற இன்னொரு எரிமலைப் பாறையில் 70 சதவீதத்தைத் தாண்டும். சிலிக்கா கூடக்கூட அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, குழம்பு கெட்டிப்படுகிறது. பசால்ட் குழம்பு நெடுந்தூரம் ஓடும். ரயோலைட் ஓட முடியாமல் வாயுவை உள்ளே அடைத்து வைத்து வெடிக்கும். அப்படிப் பொங்கி இறுகிய நுரைதான் பாதம் தேய்க்கிற பியூமிஸ் கல், தண்ணீரில் மிதக்கும்.

தோற்றத்தை வைத்துக் கல்லின் சேர்மானத்தைச் சொல்லிவிட முடியாது. இதே மேற்குக் கரையில், உடுப்பிக்கு அருகே மல்பேக்கு எதிரிலுள்ள செயின்ட் மேரித் தீவுகளில் தூண் தூணாக நிற்கும் பாறைகளைப் பலரும் பசால்ட் என்று எழுதிவிடுகிறார்கள். அவை சிலிக்கா மிகுந்த ரயோலைட், ரயோடேசைட் வகை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தவை. குளத்துச் சேறு காய்ந்து வெடிப்பதுபோல, ஆறும் குழம்பு சுருங்கிப் பிளந்ததால் வந்தவை அந்தத் தூண்கள். மும்பை அந்தேரியில் கில்பர்ட் குன்றும் தூண்களால் ஆனதுதான். அது அசல் பசால்ட்.

கேரளத்தில் எரிமலை இல்லை. ஆனால், பழைய பாறையின் விரிசல்களில் குழம்பு ஏறி, வெளியே வராமலே இறுகிய டோலரைட் சுவர்கள் பல இடங்களில் உண்டு. சேர்மானத்தில் பசால்ட்டின் உடன்பிறப்பு. படிகத்தின் அளவில் பசால்ட்டுக்கும் ஆழத்துப் பாறைக்கும் நடுவே. அப்படி ஒன்றைக் கண்டால் விளிம்பிலிருந்து நடுவுக்கு விரலை நகர்த்திப் பாருங்கள். குளிர்ந்த பாறையை ஒட்டிய ஓரத்தில் வழவழப்பு. உள்ளே போகப் போக, சூடு தங்கியிருந்த இடத்தில், சொரசொரப்பு.